பதில் சொல்லியே வாழ்ந்தவர்: சோ இராமசாமியின் சொல்மேடை

பேச்சினால் மக்களைக் கட்டிப்போடும் கலை தமிழர்க்குப் புதியதன்று. எனினும், நாள்தோறும் ஒலிவாங்கியின்முன் அமர்ந்து, நாட்டு நடப்பை அலசி, பழைமையின் பக்கம் நின்று வழக்காடி, அதனையே தொழிலாகவும் அரசியற் பணியாகவும் கொண்ட வானொலிப் பேச்சாளர் ஒருவர் தமிழரில் உண்டா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்க நாட்டிலோ அத்தகையோர் ஒரு மரபாகவே வளர்ந்துள்ளனர். மிச்சிகன் மாநிலத்துப் பாதிரியார் சார்லஸ் காக்லின் 1926இல் தம் வானொலி உரையைத் தொடங்கி, 1930களில் கோடிக்கணக்கானோரைத் தம் பக்கம் ஈர்த்தார். முதலில் ரூஸ்வெல்ட்டைப் போற்றினார். பின்னர் அவரையே தூற்றினார். இறுதியில் யூத வெறுப்பில் வந்து நின்றார். அவருக்குப் பல்லாண்டுகள் பின்னர் வந்த ரஷ் லிம்பா, 1988 ஆகஸ்டு முதல் 2021 பிப்ரவரியில் மறையும் காலம்வரை, வேலை நாள்தோறும் மூன்று மணி நேரம் பேசினார். நேயர்கள் தொலைபேசியில் அழைப்பர். அவர் பதில் சொல்வார். ஒரு பொருளைப் பற்றி ஒரு தரப்பைச் சொன்னால் மறு தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்று 1949 முதல் அந்நாட்டு வானொலி நிலையங்களுக்கு இருந்த விதி 1987இல் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்ட மறு ஆண்டே அவர் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கினார் என்பதைக் கருதுக.

நம்மிடையே அத்தகையவர் தோன்றாமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. வானொலி நமக்கு எப்போதும் அரசாங்கத்தின் குரலாகவே இருந்தது. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் 2001இல்தான் ஒலிக்கத் தொடங்கின. அவையும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்ற கட்டுக்கு உட்பட்டவையே. மலாயாவில் 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயாவும் அரசாங்க நிலையமே. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்து மக்களைக் கேட்கச் செய்தார்கள். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை முதலிய குவாலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலும், வடக்கே காலும்பாங், கெர்லிங் பக்கத்துத் தோட்டங்களிலும், மாலையில் ரேடியோ கேட்ட மூத்தோருக்கு அது ஒரு வழிப் பாதை என்பது தெரியும். பெட்டி பேசும், லயத்தில் உள்ளவன் கேட்பான். அவன் திருப்பிப் பேச வழியில்லை. பிற்காலத்தில் நேயர் விருப்பம் வந்தபோது தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் காற்றில் வந்ததையே பெரும்பேறாக அவன் எண்ணியதில் வியப்பில்லை.

ஆகவே தமிழில் இந்த வகைப் பேச்சாளரைத் தேடுவோர் வானொலியை விட்டு வேறிடம் பார்க்க வேண்டும். ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்ல, அந்தப் பதிலில் சிரிப்பும் அரசியலும் பழைமைப் பற்றும் கலந்திருக்க, அதனை ஏறத்தாழ 46 ஆண்டுகள் நடத்தியவர் ஒருவர் உண்டு. அவர் சோ இராமசாமி. அவருடைய ஒலிவாங்கி ஒரு வார இதழ். அவருடைய நிலையம் நாடக மேடை. நம் தோட்டத்துத் திடல்களில் திரை கட்டிப் படம் காட்டிய நாளில், மழித்த தலையும் உருண்ட விழிகளுமாகத் தோன்றி, சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் இடையில் புகுந்து பேசிச் சிரிக்க வைத்த அதே மனிதர்தாம். இங்கே பெரும்பாலோர் அவரை அந்த அளவிலேயே அறிவர். அவரைத் திறனாய்ந்து பார்ப்பது நமக்கு ஏன் வேண்டும் எனின், அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்துச் சிரித்த இயக்கம் நம் தோட்டங்களில் ஆழ வேரூன்றிய இயக்கம் என்பதே விடை.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1934 அக்டோபர் 5இல் சென்னையில் வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். தாமும் சட்டம் பயின்று உயர்நீதிமன்றத்தில் தொழில் செய்தார், டி.டி.கே. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசகராகவும் இருந்தார். நாடகப் பித்து அவரை விடவில்லை. தாம் ஏற்ற பாத்திரம் ஒன்றின் பெயரே சோ என்று அவருக்கு நிலைத்தது. 1963இல் வெளிவந்த ‘பார் மகளே பார்’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. இவை எல்லாம் முன்னுரை. முதன்மையானது 1968இல் மேடையேறிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகம்.

1967இல் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்து தி.மு.கழகம் அரியணை ஏறியிருந்த காலம் அது. வட நாட்டிலோ காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று சட்டமன்ற உறுப்பினர்கள் தாவிக்கொண்டிருந்தனர். மொழிச் சண்டையின் சூடும் ஆறவில்லை. அந்தச் சூழ்நிலையில், 14ஆம் நூற்றாண்டில் தில்லியை ஆண்டு, தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியும் செப்பு நாணயம் அடித்தும் பெயர் கெட்ட சுல்தானும், அவன் அவையில் இருந்த யாத்திரிகர் இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்துவிட்டார்கள் என்று சோ கதை கட்டினார். துக்ளக் தேர்தலில் நிற்கிறான்; வெல்கிறான்; பிரதம மந்திரியும் ஆகிறான். தன் பக்கம் தாவி வந்தோருக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறான். இந்தியா, ஆங்கிலமா என்று மக்கள் அடித்துக்கொள்ளும் நாட்டில் பாரசீகமே ஆட்சிமொழி என்று அறிவிக்கிறான்.

இதுவரையில் நல்ல நையாண்டி, எவரும் சிரிப்பர். நாடகத்தின் உயிர் இதற்குப் பின்னர் உள்ளது. கல்லறையிலிருந்து வந்தோர் இருவரும் மாயமானவர்கள் அல்லர். மக்கள் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறார்கள் என்று காட்டுவதற்காக வேடம் புனைந்த இக்காலத்து இளைஞர்கள். உரிய நேரத்தில் வேடத்தைக் கலைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்பது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த நேரம் வரும்போது துக்ளக்காக நடித்தவன் கலைக்க மறுக்கிறான். பதவியின் சுவை அவனைப் பற்றிக்கொண்டது. உண்மையைச் சொல்ல முற்படும் தோழனையே துரோகி என்று கூட்டத்தின்முன் நிறுத்திப் பேசுகிறான். கூட்டம் அவனை நம்புகிறது.

இந்த இறுதிக் காட்சியைத் தமிழ் நாடக மேடையின் மிக உயர்ந்த கட்டங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். கட்சிக்காரனை மட்டும் கேலி செய்திருந்தால் அது ஒரு காலத்துத் துணுக்காகப் போயிருக்கும். ஆனால் கேலி செய்பவனையே அது கூண்டில் ஏற்றுகிறது. மக்களின் மூடத்தனத்தை வெளிப்படுத்தவே நான் பேசுகிறேன் என்று ஒருவன் தொடங்குகிறான். பேசப் பேச, மக்கள் கைதட்டக் கைதட்ட, அந்தக் கைதட்டலே அவனுக்கு நோக்கமாகிவிடுகிறது. காக்லினின் கதையும் இதுதானே! லிம்பா போன்ற வானொலிப் பேச்சாளர்கள் தம்மைப் பற்றித் தாமே இப்படி ஒரு நாடகம் எழுதவில்லை. சோ எழுதினார், தாமே துக்ளக்காகவும் நடித்தார், 1971இல் அதனைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

அதற்கு முன்பே, 1970 ஜனவரி 14ஆம் நாள், அதே பெயரில் பத்திரிகையும் தொடங்கிவிட்டார். முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருந்தன. தன்னையே கழுதையின் வாயால் கேலி செய்துகொண்டு வாசகனிடம் வருகிறவரை வாசகன் எப்படிச் சந்தேகிப்பான்? முதல் நாளே அவன் சரணடைந்துவிடுகிறான்.

பத்திரிகையில் தலையங்கம் உண்டு, கட்டுரை உண்டு. என்றாலும் வாசகர் முதலில் புரட்டியது கேள்வி பதில் பகுதியை. அன்றியும் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி இதழின் ஆண்டுவிழாவைச் சென்னையில் நடத்தி, வாசகர்களையே கேள்வி கேட்கச் செய்து, அவற்றுக்கெல்லாம் மேடையில் நின்றே விடையளித்தார். லிம்பாவின் தொலைபேசி அழைப்புக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? கம்பி ஒன்றுதான் குறைவு.

இந்தக் கேள்வி பதில் என்னும் வடிவத்தைச் சற்று நின்று ஆராய வேண்டும். கேட்பவன் ஒரு வரி கேட்கிறான். சொல்பவர் இரண்டு வரி சொல்கிறார். கேட்டவனுக்கு மறுபடி கேட்க இடமில்லை. கடைசிச் சொல் எப்போதும் ஆசிரியருடையது. பதிலில் சிரிப்பு வந்துவிட்டால் அது சரியா என்று பார்க்கும் எண்ணமே எழாது. கட்டுரை எழுதுகிறவன் தன் கொள்கை இது, அதற்கு ஆதாரம் இது என்று சொல்லியாக வேண்டும். கேள்வி பதிலில் அந்தச் சுமை இல்லை. வாரந்தோறும் முப்பது நாற்பது சிறு வெட்டுகள். ஒவ்வொன்றும் ஓர் அரசியல்வாதியின் மேல், ஒரு வாக்குறுதியின் மேல், ஒரு மேடைமுழக்கத்தின் மேல். ஓராண்டு படித்தவனிடம் உன் ஆசிரியர் சொல்லும் கொள்கை யாது என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. ஆனால் அவன் மனத்தில் ஒன்று மட்டும் உறுதியாக உட்கார்ந்திருக்கும்: மாற்றம் செய்கிறேன் என்று வருகிறவன் எல்லாம் வேடக்காரன். மாற்ற வருகிறவன் வேடக்காரன் எனின், உள்ளதை உள்ளபடி விட்டுவிடுவதே அறிவுடைமை என்று தோன்றும் அல்லவா? பழைமைவாதத்தை ஒரு சொல்லாலும் பரிந்துரைக்காமலேயே வாசகனைப் பழைமைவாதி ஆக்கும் வழி இது. சோ அவர்களின் திறமை இதிலேயே உச்சத்தை எட்டியது என்பது என் கருத்து.

அவர் அஞ்சாதவர் என்பதை மறுப்போர் நேர்மையற்றோர். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தைப் பற்றித் துக்ளக் வெளியிட்ட இதழை அரசாங்கம் பறிமுதல் செய்தது. அதனால் இதழின் புகழ் பன்மடங்காயிற்றே தவிரக் குறையவில்லை. ஆனால் அதே ஆண்டு தேர்தலில் நடந்தது யாது? தி.மு.கழகம் 234 இடங்களில் 184ஐ வென்றது. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சோவின் செல்வாக்கைப் பற்றிப் பேசுவோர் பலர். இதழ் விற்பது ஒன்று. மக்கள் வாக்களிப்பது மற்றொன்று. அவருடைய சிரிப்பு, முன்பே அவ்வாறு எண்ணியவர்களைத் திடப்படுத்தியது. எண்ணாதவர்களைத் திருப்பியதாகத் தெரியவில்லை. அமெரிக்க வானொலிப் பேச்சாளர்களைப் பற்றியும் இதே வழக்கு அந்நாட்டு ஆராய்ச்சியாளரிடையே உண்டு.

1975 ஜூன் 25இல் இந்திரா காந்தி நெருக்கடி நிலையை அறிவித்துப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வைத்தபோது, துக்ளக் கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. எழுத்து எதுவும் இல்லாமலே எல்லாம் சொல்லிய அட்டை அது. பெரிய பெரிய ஏடுகள் குனிந்து நின்ற காலத்தில் அந்தச் சிறிய இதழ் நிமிர்ந்து நின்றது. அப்போது தி.மு.கழகமும் அவரும் ஒரே பக்கத்தில் நின்றனர். அந்த ஆட்சி 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது. அதிகாரம் எல்லை மீறும்போது எதிர்ப்பது என்ற ஒரு நெறியில் சோ தவறவில்லை. அவருடைய பொதுவாழ்வில் மிக உயர்ந்த பக்கம் எது என்று கேட்டால் நான் இதனையே காட்டுவேன்.

இனி நம் பக்கத்திலிருந்து பார்ப்போம். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் இறங்கி மலாயாவெங்கும் சுற்றிப் பேசினார். லயங்களிலும் கோயில் திருவிழாவிலும் சாதி வரிசை பார்க்கப்பட்ட நாள் அது. கள்ளுக்கடை வாசலில் கூலி கரைந்தது. அவர் விதைத்த எண்ணம் சீர்திருத்தச் சங்கங்களாயிற்று, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆயிற்று. 1952இல் தமிழர் திருநாள் ஆயிற்று. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது. கூலி உயர்வோடு இதையும் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். சுயமரியாதை என்ற சொல் இங்கே மேடை அலங்காரமாக இருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் தலை நிமிர்ந்து நிற்பதற்கு அதுவே துணையாயிற்று.

சோவின் கண்ணுக்கு இது தென்படவில்லை. அவர் கண்டது அடுக்குமொழியை, மாலை மரியாதையை, சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரத்தை. அந்தத் தூரம் உண்மை. இங்கும் பொன்னாடை பெற்றுக்கொண்டு கப்பலேறிய நாவலர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாள் விடியலில் அதே மங்கை எடுத்துக்கொண்டு அதே மரத்துக்குத்தான் நம்மவர் போனார்கள். அவர்களைப் பற்றிச் சோ சிரித்தால் நாமும் சேர்ந்து சிரிக்கலாம். ஆயினும் ஒரு மருந்தை விற்றவன் போலி என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. சோவின் எழுத்தில் போலி மருத்துவனைப் பற்றி ஆயிரம் பக்கம் உண்டு; நோயாளியைப் பற்றித் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அவர் நோயைப் பற்றி எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. ‘எங்கே பிராமணன்’ என்னும் தொடர் இதற்குச் சான்று. பின்னர் அது தொலைக்காட்சியிலும் வந்தது. சாத்திரம் சொல்லும் இலக்கணத்தோடு வாழும் பிராமணன் இன்று எங்கே இருக்கிறான் என்று அதில் கேட்கிறார். தம் சமூகத்தை நோக்கி அப்படிக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் கேள்வி அடுத்த படிக்கு ஏறவில்லை. அந்த இலக்கணப்படி வாழ்வோர் இல்லை எனின், அந்த வரிசையைக் காப்பதற்கு என்ன நியாயம் மிஞ்சுகிறது? பிறரைப் பார்த்து இந்த மாதிரிக் கேள்வியை ஓயாமல் கேட்ட பேனா இங்கே மட்டும் மடங்கிக்கொள்கிறது.

பெண்கள் பொருளிலும் அப்படியே. சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதை அவர் எதிர்த்தார். இதைப் பற்றிய அவருடைய நையாண்டியை மயிலாப்பூரில் இருந்து கேட்பவர்க்கு ஒருவாறு சிரிப்பு வரலாம். விடியற்காலை இருளில் பிள்ளையை ஆயக்கொட்டகையில் போட்டுவிட்டு, ஆணுக்கு நிகராக மரம் வெட்டிப் பால் சுமந்த பெண்கள் வாழ்ந்த மண்ணில் இருந்து கேட்பவர்க்கு வராது. விந்தை என்னவெனில், அவரே பிற்காலத்தில் ஜெயலலிதாவுக்கு அணுக்கமான ஆலோசகராக விளங்கினார்.

அவரைத் தன்னலவாதி என்றோ ஒரு கட்சியின் அடிமை என்றோ பேசுவோருடன் நான் உடன்படவில்லை. 1996இல், கால் நூற்றாண்டாகத் தாம் எதிர்த்து வந்த தி.மு.கழகமும் மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரசும் சேர்வதற்கு அவரே துணைநின்றார். அன்றைய ஜெயலலிதா ஆட்சி அகலவேண்டும் என்பதே காரணம். விடுதலைப் புலிகளை அவர் தொடக்கம் முதல் எதிர்த்தார். அதனால் ஈழத்தமிழர்பால் பரிவு கொண்ட பலர் அவரை வெறுத்தனர். அவர் நிலை மாறவில்லை. 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார் என்பதைத் தவிரப் பதவி எதையும் நாடிப் போனவரல்லர். அவருடைய நாடகத்துத் துக்ளக்கைப் பிடித்த பதவி மயக்கம் அவரைப் பிடிக்கவில்லை என்று துணிந்து கூறலாம்.

பிடித்தது வேறொன்று. நாடகத்தில் அவர் எச்சரித்தது பதவியைப் பற்றி மட்டும் அன்று. நம்பும் கூட்டத்தைப் பற்றியும் ஆகும். ஆண்டுவிழா மண்டபத்தில் நிறைந்து வழிந்த கூட்டம், அவர் என்ன சொல்வார் என்பதை அறிந்தே வந்த கூட்டம். தொடக்க காலத்துப் பதில்களில் வாசகனையும் அவர் குத்துவார். அவன் துள்ளி எழுந்து சிந்திப்பான். பிற்காலத்தில், குறிப்பாக நரேந்திர மோடியைப் பிரதமராக்க வேண்டும் என்று முனைந்து நின்ற ஆண்டுகளில், குத்து ஒரு பக்கமே விழுந்தது. கேட்பவன் தான் விரும்பியதைக் கேட்கிறான். சொல்பவர் அவன் விரும்பியதைச் சொல்கிறார். கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டால் பிறகு அங்கே உரையாடல் ஏது? லிம்பாவின் வானொலிக்கு நேர்ந்ததும் இதுவே.

2016 டிசம்பர் 7இல் சோ காலமானார். ஜெயலலிதா மறைந்த இரண்டாம் நாள் அது. அடுத்த ஆண்டு இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது. 2020 ஜனவரியில், துக்ளக்கின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் நடிகர் ரஜினிகாந்த் 1971 சேலம் ஊர்வலத்தைப் பற்றிப் பேச, அது பெரும் சர்ச்சையாயிற்று. நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே ஊர்வலம், அதே பறிமுதல், அதே இரண்டு பக்கம்!

அவருடைய கேள்வி பதில்களில் பெரும்பகுதி அந்தந்த வாரத்தோடு போய்விடும். அந்நாளைய மந்திரிகளின் பெயர்கூட இன்றைய இளைஞர்க்குத் தெரியாது. ‘முகமது பின் துக்ளக்’ நிற்கும். குவாலா சிலாங்கூர் வட்டாரத்திலும் உலு சிலாங்கூரிலும் பள்ளி மண்டபங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாடகம் போடும் இளைஞர் மன்றத்தார் அதை எடுத்து ஆடலாம். பாத்திரம் குறைவு, திரைச்சீலையும் அதிகம் வேண்டுவதில்லை. நேரம் போதவில்லை என்றால் பாரசீக மொழிக் காட்சியைச் சுருக்கிக்கொள்ளட்டும், துணைப் பிரதமர்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளட்டும். தோழனைத் துரோகி என்று காட்டும் கடைசிக் காட்சியில் மட்டும் ஒரு வரியும் வெட்டக் கூடாது. துக்ளக்காக நடிப்பவர் அந்த இடத்தில் அவையோரை நோக்கி நேராகப் பேசவேண்டும். அவையோர் கைதட்டினால் தடுக்கவும் வேண்டாம்.